ஏரிக்கரையில் ஒரு கூத்து மேடை

நீர்க்கரையில் கலை மையம் எழுப்பும் நகரங்கள் முதலில் பெரிய அரங்கைத்தான் கட்டுகின்றன. சிங்கப்பூர் மரினா விரிகுடாவின் எஸ்பிளனேட் 2002-இல் திறந்தபோது சுமார் 1,600 இருக்கைகளுடன் இசையரங்கும், 2,000 இருக்கைகளுடன் நாடக அரங்கும் இருந்தன. உள்ளூர்க் குழுக்களுக்கு ஏற்ற நடுத்தர அரங்கு இல்லை. 550 பேர் அமரும் அரங்கு 2022-இல்தான் வந்தது. இருபது ஆண்டுத் தாமதம்! மும்பை நரிமன் முனையின் தேசிய நிகழ்த்துகலை மையத்திலும் பெரிய டாடா அரங்கம் 1980-இல் எழுந்த பிறகே, 300 பேருக்கான சோதனை அரங்கு அமைந்தது.

புரிசை போன்ற தெருக்கூத்து ஊர்களைக் கொண்ட திருவண்ணாமலை மாவட்டம் இந்த வரிசையைத் திருப்பிப்போட வேண்டும். ஆட்சியர் அலுவலகம் உள்ள வேங்கிக்காலில், ஏரிக்கு அருகே, முந்நூறு பேர் அமரும் கூத்துக் களரி போதும். ஒப்பனை அறை, பயிற்சிக்கூடம், ஒலி-ஒளிப்பதிவுக் காப்பகம் உடன் இருக்கட்டும். விடிய விடியத் திறந்தவெளியில் ஆடும் கலைக்குக் கட்டடம் எதற்கு என்பார்கள். திரௌபதி அம்மன் கோயில் களத்துக்கு இது மாற்று அல்ல. திருவிழாக் காலம் ஓய்ந்து மழை தொடங்கியதும் ஆட்டக்காரருக்கு இடமும் கூலியும் வேண்டுமே! ஏரி சுருங்கிவிடும் என்ற அச்சம் முற்றிலும் நியாயமானது. ஆகவே மாவட்ட நிர்வாகம் முதலில் ஏரி எல்லையையும் வரத்துக் கால்வாய்களையும் அளந்து கல் நடட்டும். அதற்கு வெளியே இடம் இல்லையென்றால், மேடையை வேறு ஊரில் கட்டுங்கள்.