பறங்கியர் அடுக்களையும் தமிழ்ப் புலமையின் பாராமுகமும்

தமிழிற் கலந்த போர்த்துக்கேயச் சொற்களைப் பட்டியலிடாத மொழிவரலாற்று நூல் அரிது. அலமாரி, மேசை, சன்னல், சாவி, குசினி, பாண், அன்னாசி எனத் தேர்வுக்குரிய விடையாக மாணவர் அவற்றை மனனஞ் செய்கின்றனர். ஆயின் அம்மொழியின் கிளையொன்றைப் பேசிய, இன்றும் ஓரளவு பேசிவரும் பறங்கியர் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் அக்கரைப்பற்று, ஆலையடிவேம்புப் பகுதியிலும் வாழ்கின்றனர் என்பதை அப்பட்டியல்கள் கூறுவதில்லை. சொல்லைப் போற்றிச் சொல்லுக்குரியோரை மறப்பது எத்தகைய புலமை?

கலப்பினத்தார்க்குத் தனிப்பண்பாடு ஏது, ஆண்டவர் விட்டுச்சென்ற எச்சந்தானே என்பர் சிலர். மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கியது 1628இல். ஒல்லாந்தரிடம் இழந்தது 1638இல். பத்தாண்டு அதிகாரத்தின் எச்சம் நான்கு நூற்றாண்டு நிலைக்குமா? நிலைநிறுத்தியோர் தச்சரும் கொல்லரும் தையற்காரரும் அவர்தம் இல்லத்துப் பெண்டிருமே.

உணவிலும் இதே கதைதான். பறங்கியர் உணவென்றால் கொழும்பார்க்கு நினைவில் வருவன லம்பிறைஸும் புறூடருமே. இவை ஒல்லாந்த வழியினரின் பண்டங்கள். அவ்வழியினர் 1908இற் சங்கம் நிறுவித் தம் வமிசாவளிகளை அச்சேற்றினர். கிழக்கின் பறங்கியர்க்கு அவ்வசதி வாய்க்கவில்லை. போர்த்துக்கேய வழிப் பண்டமாகிய போலோ ஃபியாடோவை நோக்குக. மெல்லிய மாப்படைகளுக்கிடையே சீனிப்பாகில் தோய்த்த மரமுந்திரிகைப் பருப்பை வைத்து வெதுப்புவது அது. மாவை மடிக்கும் முறை போர்த்துக்கல்லினது. மரமுந்திரிகையோ பிரேசிலிலிருந்து அவர்தம் கப்பலில் வந்தது. லவ் கேக்கில் ரவையோடு ஏலமும் பன்னீரும் சேர்கின்றன. இதிற் 'கலப்பு' எனக் குறைகாண்போர் தம் கறிச்சட்டியையும் ஒருமுறை எட்டிப்பார்த்தல் நன்று. மிளகாயும் அதே கப்பல்வழி வந்ததுதான். அதனை நீக்கிய 'தூய' கறியை எவர் உண்பார்?

அவர்தம் மொழியும் அவ்வாறே அமைந்தது. சொற்கள் போர்த்துக்கேயம், வினை வாக்கிய இறுதியில் நிற்பதும் வேற்றுமை உருபு பெயருக்குப் பின் ஒட்டுவதும் தமிழ் நெறி. தமிழிலக்கணம் அயன்மொழியொன்றை உள்ளிருந்தே மாற்றியமைத்த இவ்விந்தையைவிடத் தமிழ் மாணவர்க்குரிய பொருள் வேறு யாது? கோவையைச் சேர்ந்த தல்காதோ அடிகளார்—கோயம்புத்தூரன்று, கோவாவே—1900இல் இலங்கைப் போர்த்துக்கேயம் பற்றி நூல் எழுதினார். 1970களில் இயன் சிமித் மட்டக்களப்பு வழக்கை ஆராய்ந்தார். அண்மையில் லிஸ்பன் பல்கலைக்கழக ஆய்வாளர் வந்து பேச்சையும் பாடலையும் ஒலிப்பதிவு செய்தனர். லிஸ்பனுக்கு எட்டிய களம் ஒலுவிலுக்கும் வந்தாறுமூலைக்கும் எட்டாத தொலைவோ?

காலமோ காத்திருப்பதில்லை. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை மட்டக்களப்பு டச்பார்ப் பறங்கியர் குடியிருப்பை அழித்தது. அம்மொழி பேசியோர் பலர் அன்று மாண்டனர். எஞ்சிய மூதாட்டியர் பாகு பதங்கண்டதை எச்சொல்லாற் குறிப்பர், தாச்சியை எவ்வாறு அழைப்பர், நத்தாருக்கு முன் எவர் வீட்டில் எப்பண்டம் முதலிற் சுடப்படும் என்பனவற்றைக் கேட்டெழுதப் பெருநிதி வேண்டியதில்லை. ஒரு கொப்பியும் பேனாவும் போதும். பேனாவும் போர்த்துக்கேயச் சொல்லே.