பாதி மடிந்த தகடு

முடிந்த பொருளை நோக்கி, அது முடிந்து வந்த வழியை மறத்தல் இக்காலக் கல்வியின் குறைகளுள் ஒன்று. கணினித் திரையிலே பொருள்களை வரைந்து பயிலும் நம் மாணவர்க்கு அக்குறை நேராதிருத்தல் வேண்டும். தமிழாசிரியனுக்கும் உலோகத் தகட்டுக்கும் என்ன தொடர்பு என்று அன்பர் சிலர் வினவுதல் கூடும். தொடர்பு உண்டென்பது பின்னர்ப் புலனாகும்.

அலுமாரி, மின்சாரப் பெட்டி முதலியன தட்டைத் தகட்டை வெட்டி மடித்துச் செய்யப்படுவன. 1995இல் வெளிவந்த சொலிட்வேர்க்ஸ் போன்ற மென்பொருள்களில் முடிந்த வடிவத்தை வரைந்தால், அதற்குரிய தட்டை வடிவத்தைக் கணினியே விரித்துக் காட்டும். தொடக்கமும் முடிவும் தெரிந்தபின் இடைநிலை எதற்கு என்பர் சிலர். அக்கூற்றுப் பொருந்தாது. பட்டறையில் நிற்பவன் கையில் இருப்பது பெரும்பாலும் அவ்விடைநிலையே. சில மடிப்புகள் முடிந்து, சில எஞ்சியிருக்கும்போது, அடுத்த மடிப்புக்கு இயந்திரத்தின் அலகு நுழைய இடமுண்டா என்பதை முடிந்த வடிவம் சொல்லாது. வெளிவிளிம்பிலே தொடங்கி உள்நோக்கி மடித்து வருதல் பொது வழக்கு. அவ்வொழுங்கு பிறழின், முன்னர் மடிந்த சுவரே அலகைத் தடுத்தலும், தகடு வீணாதலும் உண்டு.

இனி, இடைநிலையை வரைவதிலும் ஒரு வழு நேர்கின்றது. மடிப்பைப் பாதியாய்க் காட்ட விரும்புவோன், 90 பாகையை 45 பாகையாக மாற்றி அமைதியடைகின்றான். கணக்கைப் பார்ப்போம். தகட்டின் தடிப்பு 2 மில்லிமீற்றர்; மடிப்பின் உள்ளாரையும் 2 மில்லிமீற்றர். மடிக்கும்போது உட்புறம் சுருங்கும், வெளிப்புறம் நீளும், இரண்டற்கும் இடையே நீளம் மாறாத கோடொன்று உண்டு. அஃது உட்புறத்திலிருந்து தடிப்பின் 0.4 பங்கு தூரத்தில் உள்ளதெனக் கொண்டால், நேர்கோண வளைவின் நீளம் 4.40 மில்லிமீற்றர். இருபுற நேர்ப்பகுதிகள் 50, 30 மில்லிமீற்றராயின், தகட்டின் முழுநீளம் 84.40. கோணத்தை மட்டும் பாதியாக்கினால் வளைவு 2.20 ஆகும், முழுநீளமும் 82.20 ஆகிவிடும். எஞ்சிய 2.20 மில்லிமீற்றர் எங்கே போயிற்று?

இவ்விடத்திலே இலக்கணம் துணைக்கு வருகின்றது. புணர்ச்சியில் நிகழும் விகாரம் தோன்றல், திரிதல், கெடுதல் என மூவகைப்படும் என்பது நம் மாணவர் அறிந்ததே. தகட்டு மடிப்பிலே திரிதல் ஒன்றே உண்டு. தோன்றலும் இல்லை, கெடுதலும் இல்லை. பாதி மடிந்த தகடு வேறொரு தகடன்று. அதே தகட்டின் வேறொரு நிலை.

ஆதலின், நிலைக்கொரு புதுப்படம் வரைதல் தகாது. முடிந்த வடிவிலே வேண்டிய மடிப்புகளை மாத்திரம் விரித்து, அந்நிலைகளை ஒரே கோப்பினுள் வெவ்வேறு அமைவுகளாகப் பேணுதல் வேண்டும். மேற்கூறிய மென்பொருள் அதற்கு இடந்தருகின்றது. கோணத்தையே பாதியாகக் காட்ட வேண்டின், வளைவிலே குறையும் 2.20 மில்லிமீற்றரை இருபுற நேர்ப்பகுதிகளுக்கும் 1.10 வீதம் பகிர்ந்தளிக்கும் சமன்பாட்டை எழுதி, முழுநீளத்தை 84.40இல் நிறுத்துதல் வேண்டும். ஒரே மடிப்புடைய சிறு தாங்கிக்கு இத்துணை முயற்சி மிகையே. மடிப்புப் பலவாயின் இதனைத் தவிர்த்தல் கேடே.

2013இல் க.பொ.த. உயர்தரத்திலே தொழினுட்பப் பிரிவு தொடங்கப்பட்டது. அத்துறையை நாடும் மாணவர் எம்மிடையே உளர். பட்டறையிலும் தொழிற்சாலையிலும் கைதேர்ந்த பழைய மாணவரும் உளர். அன்னார் ஒருநாள் வந்து, ஒரு துண்டுத் தகட்டை நம் இளைஞர் கண்முன்னே படிப்படியாக மடித்துக் காட்டுவாராயின், அது விழாக்காலப் பரிசில் பலவற்றினும் பெரிதாம். திரை எதனையும் மடிக்கும். தகடோ தன் அளவு தவறாது. அவ்வளவை மதிக்கக் கற்றவனே தொழிலைக் கற்றவன்.