ஆள் வரவில்லையா, ஆளைக் கூப்பிடவில்லையா?

'தகுதியான ஆள் கிடைக்கவில்லை.' இந்த வாக்கியத்தை நம்மைவிட அதிகமாகக் கேட்டவர்கள் இருக்க முடியாது. நிரப்பப்படாத இடங்களைப் பற்றி எப்போது கேட்டாலும் கோப்பிலிருந்து எடுத்துப் படிக்கிற வாக்கியம் அது. கட்டற்ற மென்பொருள் உலகமும் இதையே ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தது. அங்கே அது எப்படி உடைந்தது என்பதை நம் மாணவத் தோழர்கள் தெரிந்துகொள்வது நல்லது. அவர்களில் பலர் இப்போது அந்த வாசலில்தான் நிற்கிறார்கள்.

மூலநிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதை எல்லோருக்கும் தரலாம் என்பதுதான் அந்த உலகத்தின் அடிப்படை. 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனு, 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் என்று அது வளர்ந்தது. உள்ளே வர சான்றிதழ் கேட்பதில்லை, அப்பா பேர் கேட்பதில்லை. காகிதத்தில் எல்லாம் பொது. பொதுக்கிணறு என்று எழுதி வைத்த கிணற்றில் யார் வாளி விட்டார்கள் என்பது நமக்குத் தெரியாததா? 2017இல் கிட்ஹப் நடத்திய கணக்கெடுப்பில் பதில் சொன்னவர்களில் 95 சதம் ஆண்கள், 3 சதம் பெண்கள்.

2006இல் நடந்ததைச் சொல்கிறேன். மாணவர்களுக்குப் பணம் கொடுத்துக் கோடையில் நிரல் எழுத வைக்கும் கூகுள் திட்டத்தில் க்னோம் என்ற மென்பொருள் குழுவுக்கு 181 விண்ணப்பம் வந்தது. ஒரு பெண்கூட இல்லை. 'பெண்களுக்கு இதில் ஆர்வமில்லை' என்று எழுதிவிட்டுக் கோப்பை மூடியிருக்கலாம். உள்ளேயிருந்த சிலர் மூடவில்லை. 'பெண்களே, உங்களைத்தான் கூப்பிடுகிறோம்' என்று தனியாக அறிவித்தார்கள். அதே கோடையில் சுமார் நூறு பெண்கள் விண்ணப்பித்தார்கள். ஆறு பேரை எடுத்தார்கள். நூறு பேரும் வானத்திலிருந்து குதிக்கவில்லை. முந்தின மாதமும் இருந்தவர்கள்தான்.

2010இல் மரினா ஜுராகின்ஸ்கயா முன்னின்று அந்த முயற்சியை மறுபடி எடுத்தபோது ஒரு முக்கியமான விஷயம் கூடச் சேர்ந்தது. விண்ணப்பிக்கிறவர் ஒரு சின்ன வேலையையாவது செய்து காட்ட வேண்டும், அதைச் செய்யும்போது கேள்வி கேட்க ஒரு வழிகாட்டி இருப்பார். 2015இல் 'அவுட்ரீச்சி' என்று பெயர் மாறிய திட்டம் அதுதான். ஒருவர் தன் நாட்டுக் கணினித் துறையில் என்ன பாரபட்சத்தைச் சந்திக்கிறார் என்பதை விண்ணப்பத்திலேயே அது எழுதச் சொல்கிறது. நம் பிள்ளைகளுக்கு அங்கே எழுத நிறைய இருக்கிறது.

புதியவர்களுக்கென்று வேலைகளைத் தனியே குறித்து வைக்கும் பழக்கம் இன்று எல்லா இடத்திலும் உண்டு. கிட்ஹப்பில் 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ', லிப்ரே ஆபீஸில் 'ஈஸி ஹேக்', ஜாங்கோவில் 'ஈஸி பிக்கிங்ஸ்'. நல்லதுதான். ஆனால் சீட்டு ஒட்டிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் அதிகம். கோயம்புத்தூரில் பாலிடெக்னிக் படிக்கிற ஒரு பையன் அந்தச் சீட்டை நம்பி, 'இதை நான் செய்யலாமா?' என்று நாலு தடவை எழுதி அழித்து ஐந்தாவது தடவை அனுப்புகிறான். பதில் இல்லை. மூன்று வாரம் கழித்து உள்ளே இருக்கிற யாரோ ஒருவர் அந்த வேலையை முடித்துச் சீட்டைக் கிழித்துவிடுகிறார்.

இந்த மௌனம் எல்லோர் காதிலும் ஒரே மாதிரி விழுவதில்லை. அண்ணனும் மாமாவும் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிற பையன், 'இவனுங்க பதிலே போட மாட்டானுங்க' என்று அடுத்த இடத்துக்குப் போய்விடுவான். வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவன் 'நமக்கு இது வராது போல' என்று லேப்டாப்பை மூடுவான். பதில் போடாதவருக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இருந்திருக்காது. கெட்ட எண்ணமே இல்லாமல் ஆட்களை வெளியே நிறுத்துவது எப்படி என்று தனியாக வகுப்பு எடுக்கத் தேவையில்லாத நாடு நம்முடையது. மொசில்லாவின் பழக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. அங்கே புதியவருக்கான வேலையின் பக்கத்திலேயே வழிகாட்டியின் பெயரைப் போட இடம் வைத்திருக்கிறார்கள். யாரைக் கேட்பது என்று தெரிவது பாதி வேலை.

வழிகாட்டி இல்லாத இடத்தில் வியாபாரி வருவான். 2020 அக்டோபரில் நான்கு திருத்தம் அனுப்பினால் ஒரு டி-ஷர்ட் என்று ஒரு போட்டி. விளக்கக் கோப்பில் 'அற்புதமான திட்டம்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும் என்று காட்டியது ஒரு வீடியோ. ஆயிரக்கணக்கில் குப்பை குவிந்தது, அதே மாதத்தில் விதியை மாற்ற வேண்டியதாயிற்று. 2024 தொடக்கத்தில் எக்ஸ்பிரஸ் என்ற திட்டத்திலும் இதே கூத்து, மாணவர்கள் வரிசையாகத் தங்கள் பெயரை விளக்கக் கோப்பில் சேர்த்து அனுப்பினார்கள். உலகமே இந்திய மாணவர்களைப் பார்த்துச் சிரித்தது. சிரிக்கிறது சுலபம். எந்தப் பொத்தானை அமுக்குவது என்று மட்டும் சொல்லிக் கொடுத்தவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

நான் வங்கியில் கவுண்டரில் உட்கார்கிறவன். 'தம்பி, இதைக் கொஞ்சம் எழுதிக் குடு' என்று பணம் எடுக்கும் சீட்டை நீட்டுகிறவர்களை தினமும் பார்க்கிறேன். எழுதிக் கொடுத்தால் ஒரு நிமிஷம். கூட நின்று அவரையே எழுத வைத்தால் ஐந்து நிமிஷம், பின்னால் வரிசை முணுமுணுக்கும். வழிகாட்டுவது அந்த ஐந்து நிமிஷத்தைச் செலவழிப்பதுதான். சாயங்காலங்களில் தமிழ் மொழிபெயர்ப்பு, விளக்கக் குறிப்பு என்று நானும் இந்தத் திட்டங்களில் கொஞ்சம் வேலை செய்கிறேன். அதில் பார்த்ததைச் சொல்கிறேன். புதியவரின் திருத்தத்தில் 'நிட்' என்று ஒரு குறிப்பு எழுதுவார்கள். ஈர் என்று அர்த்தம். பேன் பார்க்கிற மாதிரி சின்னச் சின்னக் குறை சொல்கிறோம், பெரிசாக எடுத்துக்கொள்ளாதே என்று பொருள். அர்த்தம் தெரியாதவர் நம்மைத் திட்டிவிட்டார்கள் என்று ஓடிவிடுகிறார். இதையெல்லாம் எந்தப் புத்தகமும் சொல்லாது, பக்கத்தில் இருக்கிற ஆள்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று பெயர். ஒவ்வொரு திருத்தத்தோடும் எழுதியவர் பெயரைக் கிட் பதிந்து வைக்கிறது. புதியவர் அனுப்பியது அரைகுறையாக இருக்கிறது என்று மூத்தவர் அதைத் தானே திருத்தி எழுதித் தன் பெயரில் சேர்த்துவிட்டால் முதல் ஆளின் உழைப்பு காணாமல் போகிறது. இணை ஆசிரியராகப் பெயர் சேர்க்க ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை எழுத மனசு வராதவரை வழிகாட்டி என்று நான் சொல்ல மாட்டேன். குரு என்று சொல்லிக்கொள்ளட்டும், ஏகலைவனுக்குப் பிறகு அந்தச் சொல்லில் நமக்கு வேலையில்லை.

பல திட்டங்கள் ஏற்றுக்கொண்டிருக்கும் 'கான்ட்ரிபியூட்டர் கவனென்ட்' என்ற நடத்தை விதி, பாகுபாடு கூடாத காரணங்களின் பட்டியலில் 2021இல் வந்த 2.1 பதிப்பில் சாதியையும் சேர்த்தது. பழைய பதிப்பிலேயே நிற்கிற திட்டங்கள் இன்னும் உண்டு. நீங்கள் வேலை செய்யும் திட்டத்தில் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். பழையதாக இருந்தால் மாற்றச் சொல்லி எழுதுங்கள், அதுவும் ஒரு பங்களிப்புதான்.

லேப்டாப் இல்லையே என்று கேட்கிற தோழர்களுக்கு: அந்த 2017 கணக்கெடுப்பில் 93 சதம் பேர் சொன்ன குறை, விளக்கக் குறிப்புகள் அரைகுறையாக, குழப்பமாக இருக்கின்றன என்பது. அவற்றைத் திருத்தப் பெரிய எந்திரம் வேண்டாம், போனில் கிட்ஹப் பக்கத்தைத் திறந்தே திருத்தி அனுப்பலாம். நிறுவும்போது எந்த வரியில் மாட்டிக்கொண்டீர்களோ அந்த வரியிலிருந்து ஆரம்பியுங்கள். ஏற்கெனவே உள்ளே போய்விட்ட தோழர்கள், இரண்டு பேரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், இருபது பேர் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அவர்கள் கேள்வி அனுப்பினால், விடை தெரியாவிட்டாலும், 'பார்த்தேன், நாளைக்குச் சொல்றேன்' என்று அன்றைக்கே ஒரு வரி போடுங்கள்.