வெயிலும் வெள்ளைப் பொடியும்

கதிரவன் ஒளியைக் கொண்டே அழுக்குத் தண்ணீரைத் தூய்மையாக்கலாம் என்று கேட்டால் நம்மில் யாருக்குத்தான் மகிழ்ச்சி உண்டாகாது? இறைவன் நம் நாட்டுக்கு வெயிலைக் குறைவின்றித் தந்திருக்கிறார். ஆயினும் கைதட்டுவதற்கு முன் சற்று நின்று யோசிக்க வேண்டும் என்பதே நம் கருத்து.

இதற்கு உதவும் பொருள் டைட்டானியம் டை ஆக்சைடு. சுவருக்குப் பூசும் வெள்ளைப் பெயின்டில் இருப்பது இதுவே. இதற்கு மூலமாகிய இல்மனைட், குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே கிடைக்கிறது. இப்பொருளின் மீது ஒளி பட்டால் தண்ணீரே ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிகிறது என்று 1972-ஆம் ஆண்டு ஜப்பானிய அறிஞர்கள் புஜிஷிமாவும் ஹோண்டாவும் உலகுக்கு அறிவித்தனர். நீரில் கலந்த சயனைடு நஞ்சையும் இம்முறையில் சிதைக்கலாமென 1977-இல் அமெரிக்காவில் ஃபிராங்க், பார்டு என்னும் இருவர் காட்டினர். புறஊதாக் கதிர் பட்டதும் பொடியிலுள்ள எலெக்ட்ரான் துள்ளி எழுகிறது. அது விட்டுச் சென்ற வெற்றிடம் தண்ணீரிலிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பறிக்கிறது. அப்போது பிறக்கும் ஹைட்ராக்சில் என்னும் துடிப்பான துகள், சாய மூலக்கூறுகளைத் துண்டு துண்டாக்குகிறது. முற்றிலும் நடந்தால் மிஞ்சுவது பெரும்பாலும் கரியமில வாயுவும் நீருமே. பொடியோ செலவாவதில்லை. வினையூக்கி என்று வகுப்பில் மனப்பாடம் செய்தோமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா!

குறைகளும் உண்டு. சூரிய ஒளியில் புறஊதாக் கதிர் ஏறக்குறைய நூற்றுக்கு 5 பங்குதான். கறுத்த சாயநீருக்குள் ஒளி நுழையாது. பொடியைத் திரும்ப வடித்தெடுப்பதும் பெரும்பாடு. இவற்றை அறிவியல் நாளடைவில் வென்றுவிடும் என்றே நம்புகிறோம். நம்மை உறுத்துவது வேறு.

திருப்பூரின் நொய்யல் ஆற்றை எண்ணிப் பாருங்கள். உழவர்களுக்காக 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. பாசன நீரே வயலுக்குப் பகையாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிடும் அளவுக்கு நிலைமை முற்றியது. அங்கே மண்ணைக் கெடுத்தது நிறம் மட்டுமா? பருத்தியில் சாயம் பிடிப்பதற்காகக் கொட்டும் உப்பும் அல்லவா! எத்தனை வெயில் அடித்தாலும் இந்தப் பொடி உப்பைச் சிதைக்காது. சாயம் அரைகுறையாகச் சிதைந்து நிறம் மட்டும் போனாலோ, நச்சுத் துண்டுகள் நீரில் தங்கக்கூடும். சிவந்த நீரைக் கண்டால் சிறு குழந்தைகூட விலகும். தெளிந்த நஞ்சை யார் அறிவார்?

ஆகவே, நிறம் நீங்கியதைக் காட்டி நீரை ஆற்றில் விட யாருக்கும் அனுமதி தரலாகாது. பொடி தன் வேலையைச் செய்யட்டும். அத்துடன் உப்பையும் பிரித்தெடுத்து, நீரைப் பட்டறைக்குள்ளேயே திரும்பப் பயன்படுத்த வேண்டும். அதற்கு மின்சாரமும் பணமும் மிகுதியாகச் செலவாகும் என்பதை அறிவோம். துணி உடுத்தும் நாமும் அதில் பங்கேற்பதே நியாயம். இந்தக் கிறிஸ்துமஸுக்குத் துணி எடுக்கக் கடைக்குப் போகும்போது விலை சற்று ஏறியிருந்தால், பெற்றோரே, எங்களுக்கு ஓர் உடுப்பு குறைந்தாலும் முகம் சுளிக்க மாட்டோம்.