தொட்டிக்குள் எத்தனை வெளிச்சம்?



நம் பவானியில் காவிரியோடு கூடும் ஆறு, தன்னில் சேரும் கசடை வெள்ளத்தோடு கொண்டு சென்றுவிடுகிறது. வீட்டுக் கண்ணாடித் தொட்டியின் நீருக்கு அவ்வழி இல்லை. ஆகவே அதற்குத் தரும் வெளிச்சத்திலும் அளவு வேண்டும்.

தொட்டிச் செடி வாடினால் விளக்கைக் கூட்டுவோர் பலர். செடி பயன்படுத்தாது விடும் வெளிச்சத்தைப் பாசி எடுத்துக்கொள்கிறது. பாசி மூடிய இலை அழுகும்; அழுகல் நீரிலுள்ள பிராணவாயுவைக் குறைக்கும்; மீன் மூச்சுக்குத் தவிக்கும்.

எனவே முதலில் செடியைத் தேர்ந்தெடுங்கள். பின்னர் விளக்கை வாங்குங்கள். இலங்கைக்கே உரிய கிரிப்டோகோரைன் வெண்டி, கல்லைப் பற்றி வளரும் ஜாவா பெரணி ஆகிய இரண்டும் குறைந்த ஒளியிலேயே செழிக்கும்.

இரண்டடி நீளமும், ஓரடி அகலமும், ஓரடி உயரமும் உள்ள தொட்டி ஏறத்தாழ 55 லிட்டர் கொள்ளும். இத்தகைய செடிகளுக்கு லிட்டருக்கு 10 முதல் 20 லூமென் போதுமாதலால், சுமார் 900 லூமென் தரும் 9 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்றே போதும். அட்டையில் 6500 கெல்வின் என அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். பழைய குண்டு பல்பு நீரைச் சூடாக்கும். சன்னல் வெயிலும் தொட்டியின்மேல் நேரே படலாகாது.

பிற்பகல் 2 மணிக்கு ஏற்றி, இரவு 9 மணிக்கு அணையுங்கள். பாசி தோன்றினால் 6 மணி நேரமாகக் குறையுங்கள். மீனுக்கும் இருள் தேவை. விளக்கை அணைக்கும்படி அவ்வாயில்லா உயிர்கள் நம்மைக் கேட்கமாட்டா. நாமே நினைவில் வைத்து அணைத்தல் வேண்டும்.