பேக்கப் இருக்கிறது, பேக்கிங் லிஸ்ட் எங்கே?

2024-25 நிதியாண்டில் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்த ஊர் திருப்பூர். பையர் அனுப்பும் ஆர்டர் விவரம், சாயப்பட்டறையின் ஷேடு ரெசிபி, கட்டிங்குக்கான பேட்டர்ன், ஜாப் ஒர்க் சலான், சம்பளப் பதிவு, ஷிப்பிங் பில் என அந்த வியாபாரத்தின் ஒவ்வொரு அடியும் இன்று கணினியில் பதிகிறது. அந்தக் கணினி தீயில் எரிந்தால், வெள்ளத்தில் நனைந்தால், பணம் கேட்டு மிரட்டும் வைரஸ் அதைப் பூட்டிவிட்டால் என்ன செய்வது? பல கம்பெனிகளில் இதற்கான பதில் அச்சடித்த ஒரு ஃபைலாக இருக்கிறது. பேரிடர் மீட்பு அறிக்கை என்று பெயர். ஆடிட்டுக்கு ஆள் வரும்போது அலமாரியிலிருந்து இறங்கும். அவர் போனதும் மறுபடி ஏறிக்கொள்ளும்.

இந்த ஃபைலை விட்டுவிட்டு மின்னணுச் சேமிப்புக்கு மாறலாமா என்றால், மாறத்தான் வேண்டும். ஆனால் மாற்றியதை எங்கே வைக்கிறோம், யார் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று கேட்காமல் மாறினால், அலமாரியில் தூங்கியது ஃபோல்டரில் தூங்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தக் காலத்துப் பெரிய கணினிக்கூடங்களில் இந்த அறிக்கை பிறந்த விதத்தைப் பார்த்தால் அதன் வேலை புரியும். இரவுப் பணி முடிந்ததும் எந்த டேப்பில் எந்தக் கோப்பு, எந்தத் தேதி வரையிலான பதிவு, எதை முதலில் ஏற்ற வேண்டும் என்ற பட்டியல் அச்சாகும். டேப்புகளோடு அந்தத் தாள்களும் வேறொரு கட்டடத்துக்குப் போகும். திருப்பூர்க்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம்: பேக்கப் என்பது அட்டைப்பெட்டிகள் என்றால், மீட்பு அறிக்கை என்பது பேக்கிங் லிஸ்ட். லிஸ்ட் இல்லாமல் கன்டெய்னரைத் திறந்தவர் ஒவ்வொரு பெட்டியாகக் கிழித்துத்தான் சைஸும் கலரும் தேட வேண்டும்.

நம் சட்டங்கள் பெட்டிகளைப் பற்றி நிறையவே பேசுகின்றன. மின்னணுப் பதிவுகள் விபத்திலோ இயற்கைச் சீற்றத்திலோ அழிந்தால் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி பேக்கப் வைத்திருக்க வேண்டும் என்கிறது ஜி.எஸ்.டி. விதி 57. ஆண்டுக் கணக்கு தாக்கலுக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைக் காக்க வேண்டும். கம்பெனிச் சட்டத்தின் கீழ் வருபவர்கள் கணக்குப் புத்தகங்களின் நகலை இந்தியாவிலுள்ள சர்வரில் தினந்தோறும் எடுக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி இறுகியது. இணையத் தாக்குதல் தெரியவந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று உத்தரவிட்டது. பிரைவேட் லிமிடெட்டாகப் பதியாத தனியுரிமை, கூட்டாண்மை நிறுவனங்கள் நிறைந்த திருப்பூரில் கம்பெனிச் சட்ட விதி எல்லோரையும் தொடாது, ஜி.எஸ்.டி. விதி தொடும். ஆனால் இழந்ததை யார், எந்த வரிசையில், எத்தனை மணி நேரத்தில் மீட்பது என்பதை நிறுவனம்தான் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

அச்சுப் பிரதியால் அந்த வேலையைச் செய்ய முடியாது. முதல் காரணம், அது அச்சான அன்றே பழசாகத் தொடங்குகிறது. கம்ப்யூட்டர் பார்க்கும் தம்பி அடுத்த கம்பெனிக்குப் போய்விடுவார், சர்வர் மாறும், பாஸ்வேர்டு மாறும். ஃபைலில் பழைய தம்பியின் போன் நம்பரே இருக்கும். இரண்டாவது, கட்டடத்துக்கு வரும் ஆபத்து காகிதத்துக்கும் வரும். 2011 நவம்பரில் நொய்யலும் ஜம்மனை ஓடையும் பெருகி ஊருக்குள் புகுந்ததைத் திருப்பூர் மறந்திருக்காது. 2023 ஜூனில் காதர்பேட்டை பனியன் பஜாரில் ஏறத்தாழ 50 கடைகள் ஒரே இரவில் எரிந்தன. 2012 ஜனவரியில் சென்னை எழிலக வளாகத்தின் கலஸ் மஹாலில் பிடித்த தீயில், தொழில் வணிகத் துறையின் ஆவணங்களும் சாம்பலாயின. மூன்றாவது, சர்வர் விவரமும் பாஸ்வேர்டும் அச்சடித்த ஃபைல் திறந்த அலமாரியில் கிடப்பது, பூட்டின் மேலேயே சாவியைத் தொங்கவிடுவதற்குச் சமம்.

சரி, எல்லாவற்றையும் கணினிக்குள் போட்டுவிட்டால் தப்பித்தோமா? 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகரில், அரசின் தகவல் மையத்தில் லித்தியம் பேட்டரியிலிருந்து தீ கிளம்பியது. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்துவந்த ஜி-டிரைவ் அழிந்தது. 858 டெராபைட். அளவு பெரிது என்பதால் வெளியே வேறு நகல் எடுத்திருக்கவில்லை. உலகுக்கே சிப் விற்கும் நாட்டில் நடந்தது இது.

நம் சரக்கை ஏற்றிச் செல்லும் கப்பல் துறைக்குள்ளேயே இன்னும் நெருக்கமான பாடம் ஒன்று உண்டு. 2017 ஜூனில் நாட்பெட்யா வைரஸ் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தை முடக்கியது. மும்பை அருகேயுள்ள ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமம் நடத்திய முனையமும் ஸ்தம்பித்தது. அந்த நிறுவனத்தின் வலையமைப்பு முழுவதற்கும் யாருக்கு என்ன அனுமதி என்று வைத்திருந்த முக்கிய சர்வர்கள், ஒன்றுக்கொன்று நகலாக இயங்குமாறு அமைக்கப்பட்டிருந்தன. வைரஸ் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் துடைத்துவிட்டது. கானா நாட்டு அலுவலகத்தில் மட்டும் தாக்குதலின்போது கரண்ட் இல்லாததால் ஒரு சர்வர் தப்பியது. அதிலிருந்த நகலை ஆள் கையில் கொடுத்து பிரிட்டனுக்குக் கொண்டுவந்து, பத்து நாட்களில் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவினார்கள். எல்லாம் ஒன்றோடொன்று இணைந்திருந்தால் எத்தனை நகல் இருந்தும் ஒரு நகல்தான். திருப்பூரில் சர்வரிலேயே நிரந்தரமாகச் செருகிக் கிடக்கும் ஹார்டு டிஸ்க்கும் அப்படித்தான்.

இருந்தாலும் காகிதத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது கணினியின் பிடிக்கு வெளியே நிற்கும் சாட்சி. 2018 பிப்ரவரியில் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியிலிருந்து, வங்கிகளுக்கிடையே பணமாற்றச் செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் அமைப்பு வழியாக மூன்று போலிப் பணமாற்றங்கள் வெளிநாடுகளுக்குப் போயின. ஏறத்தாழ 20 லட்சம் டாலர். திருடர்கள் முதலில் கைவைத்தது பிரிண்டரில் என்பதை வங்கியே தெரிவித்தது. பணம் போனதற்கான ஒப்புகைச் சீட்டுகள் அச்சாகாமல் போகவே, மறுநாள் கணக்குச் சரிபார்த்தபோதுதான் விஷயம் வெளிவந்தது. 2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியில் 8.1 கோடி டாலர் பறிபோன திருட்டிலும் இதே பிரிண்டர் தந்திரம்தான். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடங்கியபோது, நோயாளிகளுக்குச் சீட்டு எழுதி வேலையை ஓட்டியதும் பேனாவும் தாளும்தான்.

ஆக, திருப்பூருக்குத் தேவையான ஏற்பாடு இப்படி இருக்கலாம். முழு அறிக்கையும் மின்னணுவாக இருக்கட்டும். பேக்கப் ஓடியதா, எத்தனை கோப்புகள் போயின என்பது தினமும் தானாகவே அதில் பதியட்டும். அந்த அறிக்கை எந்த சர்வரைப் பற்றியதோ அந்த சர்வரில் மட்டும் இருக்கக் கூடாது. ஒரு நகல் கிளவுடில், இன்னொன்று கழற்றி எடுத்துப் போகும் டிஸ்க்கில், வேறு ஊரில். அடுத்த தெரு குடோன் வெளியிடம் ஆகாது. ஒரே ஓடை இரண்டையும் நனைக்கும். காகிதத்தில் ஒரே ஒரு பக்கம் போதும்: யாரை அழைப்பது, நகல் எங்கே இருக்கிறது, எதை முதலில் ஏற்றுவது, அதுவரை சலானைக் கையால் எழுதுவது எப்படி. பாஸ்வேர்டு அதில் வேண்டாம். சின்ன விஷயமாகத் தோன்றும் இன்னொன்று: இ-வே பில்லை மொபைலிலேயே எடுத்துவிடலாம். ஆனால் அந்த லாகின் செத்துப்போன கணினியின் பிரவுசரில் மட்டும் சேமித்திருந்து, ஓ.டி.பி. லீவில் போன அக்கவுண்டன்டின் போனுக்கு வருமானால், வண்டி கேட்டிலேயே நிற்கும். கப்பலைத் தவறவிட்ட சரக்கை விமானத்தில் அனுப்பும் செலவு முதலாளியின் தலையில்தான் விழும்.

இதில் தனி நிறுவனம் மட்டும் விழித்துக்கொண்டால் போதாது. ஒரு ஸ்டைலின் விவரம் நிட்டிங், சாயம், காம்பாக்டிங், பிரிண்டிங், செக்கிங் எனப் பல யூனிட்டுகளில் துண்டு துண்டாக இருக்கிறது. ஏற்றுமதியாளரின் சர்வர் போனாலும் ஷேடு ரெசிபி பட்டறையில் இருக்கும். பட்டறையின் கணினி போனால் அதுவும் போச்சு. யாரிடம் எந்தப் பதிவு இருக்கிறது என்று ஜாப் ஒர்க் யூனிட்டுகளையும் சேர்த்து அறிக்கையில் எழுத வேண்டும். பத்து மெஷின் வைத்திருக்கும் யூனிட்டால் இதற்கெனத் தனியாக ஆள் வைக்க முடியாது. 2011 ஜனவரியில் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட பிறகு, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் செலவைப் பகிர்ந்துகொண்டு மீண்டு எழுந்த ஊர் இது. 1990 முதல் இயங்கும் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கமும் மற்றத் தொழில் அமைப்புகளும், பொதுவான வெளியூர்ச் சேமிப்பகத்தையும் எளிய தமிழில் ஒரு மாதிரி அறிக்கையையும் சிறு யூனிட்டுகளுக்காக ஏற்படுத்தித் தர முடியும்.

எந்த வடிவில் இருந்தாலும், அறிக்கைக்குச் சோதனை ஒன்றுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்வரை அணைத்துவிட்டு, அதை எழுதாத ஒருவரிடம் அறிக்கையைக் கொடுங்கள். திங்கள் காலை வேறொரு கணினியில் பழைய ஆர்டரைத் திறந்து அவரால் ஒரு சலான் போட முடிந்தால், உங்களிடம் மீட்பு அறிக்கை இருக்கிறது. முடியாவிட்டால், இருப்பது ஆடிட்டுக்குக் காட்டும் ஆவணம் மட்டுமே.