முழுகாமல் இருக்கிறாள்

அரசு மருத்துவமனையொன்றின் புறநோயர் பகுதியில் காலை ஒன்பது மணிக்கே கூட்டம் சுவரை முட்டுகிறது. நாலரை ஆண்டுப் படிப்பை முடித்து, ஓராண்டுப் பயிற்சியின் முதற் கிழமையில் கால் வைத்திருக்கும் இளமருத்துவர் ஒருவர் அங்கே அமர்ந்திருக்கிறார் என வைத்துக்கொள்க. சிற்றூரிலிருந்து வந்த மாமியார் ஒருத்தி தன் மருமகளைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து நிறுத்துகிறாள்.

“ஐயா, நேத்து ராத்திரியிலிருந்து அடிவயிறு வலிக்குதுன்னு துடிக்கிறா. ரெண்டு மாசமா முழுகாம இருக்கா.”

“குளிக்காமல் இருப்பதற்கும் வயிற்று வலிக்கும் தொடர்பில்லை அம்மா. நாளும் குளிக்கச் சொல்லுங்கள்” என்று சொல்லிக்கொண்டே அவர் ஊடுகதிர்ப் படத்திற்குச் சீட்டெழுதுகிறார். பக்கத்தில் நின்ற மூத்த செவிலியர் அந்தச் சீட்டை மெல்லப் பிடித்து நிறுத்துகிறார். “ஐயா, அந்தப் பெண் சூலுற்றிருக்கிறாள் என்றுதான் அந்த அம்மா சொல்லுகிறார்.”

திங்கள்தோறும் தீட்டு நின்றபின் தலைமுழுகும் பெண், அது வாராமையால் முழுகாதிருக்கிறாள். எத்துணை நாணமும் நயமும் செறிந்த சொல்! இதை அறியாமை நகைப்புக்குரிய செய்தியன்று. இரண்டு திங்கள் சூல், அதனோடு அடிவயிற்று வலி. இவ்விரண்டும் சேர்ந்த இடத்தில், கரு கருப்பைக்கு வெளியே குழலிலே தங்கிவிட்டதோ என்று முதற்கண் ஐயுறல் வேண்டும். குழல் வெடித்தால் வயிற்றுக்குள்ளேயே குருதி பெருகிச் சில மணி நேரத்தில் உயிர் போகும். இஃது அவ்விளைஞர் படித்த பாடந்தான். ஆங்கிலத்தில் வினவியிருந்தால் நொடியில் விடை கூறியிருப்பார். அந்த அம்மா வினாவைத் தமிழில் வினவிவிட்டாள், அவ்வளவே.

புதிதாய்ப் பணியேற்கும் மருத்துவர் படும் அல்லல்களைப் பற்றிப் பலரும் பேசுகின்றனர். உறக்கமின்மை, இடையறாப் பணி, மேலோரின் கடுஞ்சொல், கண்முன் நிகழும் முதற் சாவு ஆகிய இவையெல்லாம் மெய்யே. 1984-இல் நியூயார்க்கில் லிபி சையன் என்னும் 18 அகவைப் பெண், ஓய்வின்றி நெடுநேரம் உழைத்துவந்த பயிற்சி மருத்துவர்களின் கைப்பட்டு இறந்தாள். அவள் தந்தை விடாது வழக்காடியதன் பயனாக, 1989-இல் அம்மாநிலம் பயிற்சி மருத்துவர்க்குக் கிழமைக்கு 80 மணி நேரமே பணி என வரம்பு கட்டியது. களைப்பு ஆளைக் கொல்லும் என்று உலகம் ஒப்புக்கொண்டுவிட்டது. நோயர் சொல்வது விளங்காமையும் ஆளைக் கொல்லும் என்பதை எந்த மன்றம் எடுத்துப் பேசியது?

தமிழன் தன் நோவைச் சொல்ல வைத்திருக்கும் சொற்களைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, எரிச்சல், பிசைவு, சுரீரென்றல், விண்விண்ணென்று தெறித்தல் எனப் பலவாய் விரியும் அவற்றுள் ஒன்றுக்கு ஒன்று ஈடாகாது. சீழ் கட்டிய விரலைக் காட்டுபவன் ‘தெறிக்கிறது’ என்பானேயன்றிப் ‘பிசைகிறது’ என்னான். குடல் முறுக்கிக்கொள்பவன் ‘பிசைகிறது’ என்பான். நெஞ்சு ‘கரிக்கிறது’ என்பது பெரும்பாலும் இரைப்பைப் புளிப்பைக் காட்டும். ‘அடைக்கிறது’, ‘அழுத்துகிறது’ என்றாலோ எழுந்து ஓட வேண்டும். பாடநூல் பக்கம் பக்கமாய்ப் பிரித்துக் காட்டும் வேறுபாட்டை எழுத்தறியா உழவன் ஒரே சொல்லில் கையில் தருகிறான். அதனை வாங்கிக்கொள்ளத் தெரியாதவர், எல்லாவற்றையும் ‘வலி’ என்னும் ஒற்றைச் சொல்லாக்கி ஆங்கிலத்தில் எழுதிக்கொள்கிறார். ஓவியத்தைக் கரித்துண்டால் படியெடுப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

சில சொற்கள் ஏமாற்றவும் செய்யும். ‘பிள்ளைக்கு இழுப்பு’ என்று ஒரு தாய் ஓடிவந்தால், ஓர் ஊரில் அது மூச்சிரைப்பு, மற்றோர் ஊரில் கைகால் வெட்டி இழுக்கும் வலிப்பு. இரண்டிற்கும் மருந்து வேறு. ‘மூச்சா அம்மா, கைகாலா?’ என்று உடனே கேட்கத் தெரிந்தவரே பிள்ளையைக் காப்பார். இக்கேள்வி எந்த ஆங்கில நூலிலும் இல்லை.

வியப்பான செய்தி ஒன்றுண்டு. அரசு மருத்துவக் கல்லூரி இடங்களில் நூற்றுக்குப் பதினைந்து அனைத்திந்திய ஒதுக்கீட்டிற்குச் செல்வதால், பிறமொழி பேசும் மாணவரும் இங்கு வந்து பயில்கின்றனர். தமக்குத் தமிழ் தெரியாது என்பது அவர்களுக்குத் தெரியும். ஆதலால் செவிலியரிடமும் பணியாளரிடமும் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொள்கின்றனர். மழலையர் வகுப்பு முதலே ஆங்கிலவழிப் பயின்ற தமிழ்ப் பிள்ளைக்கோ, தனக்குத் தமிழ் தெரியும் என்ற நினைப்பே தடையாகிவிடுகிறது. 2019-இல் வந்த புதிய பாடத்திட்டத்தில், முதலாண்டுத் தொடக்கப் பயிற்சியில் அவ்வம் மாநில மொழிக்கும் இடம் தந்துள்ளனர். நன்றே. ஆயினும் நோயர் முகத்தையே காணாத நாளில் கற்ற சொல், நாலரை ஆண்டு கழித்துப் புறநோயர் பகுதியில் நாவிற்கு வருமா?

இவர்கட்கெல்லாம் முன்னோடியாய் ஓர் அயலவரையே காட்ட வேண்டியிருப்பது நமக்குத் தலைகுனிவுதான். அமெரிக்காவில் 1822-இல் பிறந்த சாமுவேல் கிறீன், படித்து முடித்த இளமருத்துவராய் 1847-இல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் பார்த்தார். சமயத் தொண்டராய் வந்தவர் என்பது உண்மையே. அதுபற்றி இங்கு வழக்கில்லை. அவர் தமிழைக் கற்றார். முதலில் ஆங்கிலத்தில் மருத்துவம் பயிற்றியவர், 1864 முதல் தமிழிலேயே பயிற்றத் தொடங்கினார். ஆங்கிலம் கற்ற மாணாக்கர் அரசுப் பணி நாடி வெளியே போய்விட, ஊர் மக்களுக்கு மருத்துவர் இல்லாமற் போனதே அதற்குக் கரணியம். அறுபதுக்கு மேற்பட்ட மருத்துவர்கள் அவரிடம் பயின்றனர். 1852-இல் உடற்கூறு, 1857-இல் மகப்பேறு, 1867-இல் அறுவை மருத்துவம் என்று நூல்கள் அவர் முயற்சியால் தமிழில் வந்தன. ‘அங்காதிபாதம்’, ‘சுகரணம்’ என்று அந்நூல்களில் வடசொல் மண்டிக் கிடப்பது கண்ணை உறுத்தும். ஆனால் அக்குறையைச் சொல்லும் தகுதி, அவர் செய்ததில் பாதியேனும் செய்தவர்க்கே உண்டு.

இன்றைய இளமருத்துவர் எழுதும் மருந்துச் சீட்டைப் பார்த்தால் வேறொரு வேடிக்கை தெரியும். ஒரு நாளைக்கு இருமுறை என்பதற்கு ‘பி.டி.’, மும்முறை என்பதற்கு ‘டி.டி.எசு.’. இவை ஆங்கிலமும் அல்ல. பேச்சு வழக்கிறந்த இலத்தீன் மொழியின் சுருக்கங்கள். சிற்றூர்க் கிழவியின் மாத்திரையை ஈராயிரம் ஆண்டு முந்தைய உரோமன் எண்ணித் தருகிறான்! ‘காலை ஒன்று, இரவு ஒன்று, சோறு உண்டபின்’ என்று எழுத எவ்வளவு மை செலவாகும்?

பயிற்சி மருத்துவரைக் குறைசொல்வது எளிது. இரவெல்லாம் விழித்து, நின்ற நிலையிலேயே தேநீர் குடித்து, மறுநாளும் ஊசியேற்றும் அப்பிள்ளைகள் இரக்கத்திற்கும் மதிப்பிற்கும் உரியவர்கள். நடுவணரசின் ஆணைக்கோ கல்லூரியின் கருணைக்கோ காத்திராமல் அவர்களே தொடங்கக்கூடிய பணி ஒன்று உண்டு. ஒவ்வொரு நோயர் கூடத்திலும் நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடலாம். நோயர் வாயிலிருந்து வரும் புரியாத சொல்லை அன்றன்றே அதில் எழுதி, எந்த ஊர் வழக்கு என்பதையும், செவிலியர் சொன்ன பொருளையும் அருகில் குறிக்கலாம். பயிற்சி முடித்துச் செல்லும் அணி, அடுத்து வரும் அணியின் கையில் அதைக் கொடுத்துவிட்டுப் போகட்டும். ஏட்டின் முதல் வரியில் ‘முழுகாமல் இருத்தல்’ என்றும், இரண்டாம் வரியில் ‘இழுப்பு: மூச்சா, கைகாலா எனக் கேட்க’ என்றும் இன்றே எழுதி வைக்கலாம்.